முனியப்பன் கியர்

ரோசம்மாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும்; காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் ஆடும். உலை கொதிக்கும்வரை அடுப்பு மேடையில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டு நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரின் பிரசங்கம் நீண்டால் முன் பெஞ்சின் முதுகில் தட்டுவாள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். சாமியார் சொல்லச் சொல்ல அதை டைப் அடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியிலிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் டீச்சர். அத்தனை மெஷினும் சேர்ந்து சடசடக்கும்போது ஜன்னலைப் பார்த்தபடி நிற்பாள். திடீரென்று, "மூணாவது மெஷினு, 'பி'க்கு எந்த வெரலு போவுது? சுண்டு வெரலுன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று திரும்பாமலே அதட்டுவாள். மூன்றாவது மெஷின்காரி வெலவெலத்துப் போவாள். ரோசம்மாவுக்கு இதில் ஒரு அதிசயமும் இல்லை. ஆள் என்ன நினைத்தாலும் விரல் தான் பழகின இடத்துக்குத்தான் போகும் என்பதை அவள் தினமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள்.

காலை வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறித் தொப்பூருக்கு வந்துவிடுவாள். அங்கேதான் வீடு. மேலே முனியப்பன் கோயிலில் தொடங்கும் கணவாய், வளைந்து வளைந்து சரிந்து தொப்பூரில் வந்து முடியும். பெங்களூரிலிருந்து சேலம் போகிற லாரி எல்லாம் அந்தச் சரிவில்தான் இறங்கியாக வேண்டும். அவள் புருஷன் ஞானராஜின் லாரியும் அப்படித்தான். பெங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு வருவான். கணவாய் இறங்கியதும் கண்ணம்மாள் ஓட்டலுக்கு முன்னால் வண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். பிறகு சேலத்துக்குக் கிளம்புவான். ஒரு லோடுக்கு ஒரு வேளைச் சோறு, அரை மணி நேரப் பேச்சு. அந்த அரை மணிக்காக ரோசம்மா காலையிலிருந்தே பரபரவென்று இருப்பாள்.

வருவதற்குக் கொஞ்சம் தாமதமானால் போதும், தெருவாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்தே தரையைத் தேய்த்துவிடுவாள். அவன் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இவ்ளோ நேரமா? சோறு ஆறி ஜில்லுன்னு ஆயிருச்சு. வழியில யாருகிட்ட கத பேசிட்டு நின்னீங்க?"

"லோடு வண்டி ரோசா. என்ன ஏரோப்ளேனா?"

"எப்பிடி எறங்குனீங்க?"

"முனியப்பன் கியர்லதான்."

இந்தக் கேள்வியும் பதிலும் ஒவ்வொரு தடவையும் உண்டு. கேள்வி வந்ததற்குக் காரணம் இருந்தது. ஞானராஜின் லாரி முதலாளியிடமே வேறு வண்டி ஓட்டிய பெரியண்ணன் என்பவன் இரண்டு வருஷத்துக்கு முன் கணவாயில் வண்டியோடு கவிழ்ந்து செத்துப்போனான். உடலை எடுத்துப் போட்ட இடத்தில் ஆட்கள் பேசிக்கொண்டது ரோசம்மாவின் காதில் விழுந்தது: "டீசல மிச்சம் புடிக்கிறேன்னு கியர எடுத்துட்டு நியூட்ரல்ல உருட்டியிருக்கான்." லாரியில் முதலாளி அளந்து ஊற்றும் டீசலில் மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவுடன் ரோசம்மா தன் புருஷனை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "நியூட்ரல் போட மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். ஞானராஜ் சொன்னான். அதற்குப் பிறகுதான் இந்த 'எப்பிடி எறங்குனீங்க' வந்தது.

முனியப்பன் கியர் என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கணவாய் உச்சியில் எல்லா டிரைவரும் முனியப்பனுக்குக் காசு வீசிவிட்டுத்தான் இறங்குவார்கள். சாமியைக் கும்பிட்டுப் பதனமாக இறங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். வண்டிக்குள் மாதா படமும் ஜெபமாலையும் தொங்கும்போது முனியப்பனுக்கு என்ன காசு என்று ஒரு தடவை சண்டை பிடித்தாள். "அந்த ரோட்டுக்கு அவருதான் ஓனரு. மாதாவும் அவரும் பேசி வச்சுக்குவாங்க, நீ எதுக்கு நடுவுல?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு விட்டுவிட்டாள்.

எண்பத்தேழாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் தம்பி சின்னப்பராஜ் குவைத்திலிருந்து வந்தான். அக்காவுக்கு ஒரு நைலக்ஸ் சேலை, மச்சானுக்கு ஒரு டார்ச் லைட், தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றதும் பீரோ அளவுக்கு எதையோ நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கையகலக் கறுப்புப் பலகை. அதில் சாம்பல் நிறத்தில் ரப்பர் பட்டன்கள். அதை டிவியில் சொருக வேண்டும். கூட ஒரு டேப் ரெக்கார்டர் வேண்டும். தம்பிக்கு அங்கே யாரோ ஆசை காட்டி விற்றுவிட்டார்கள். வந்த மறுநாளே பந்து விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான், சலித்துவிட்டது. திரும்பிப் போகும்போது, "நீயே வச்சுக்கக்கா. டைப் அடிக்கிற ஆளு, உனக்குத்தான் லாயக்கு" என்று விட்டுவிட்டுப் போய்விட்டான்.

லாயக்கா? முதல் நாளே ரோசம்மாவுக்கு அதைத் தூக்கிக் கிணற்றில் போடலாம்போல் இருந்தது. பத்து விரலையும் வைத்தால் ரப்பர் பட்டன் குழைந்தது. 'பி'யைத் தட்டினால் 'பி' வராமல் 'ப்ரிண்ட்' என்று முழு வார்த்தையே வந்து குதித்தது. "எனக்கே ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்குதுங்களா இது!" என்று புருஷனிடம் கத்தினாள். ஆனால் கூட வந்த புத்தகத்தை மூடி வைக்கவும் மனம் வரவில்லை. அதில் ஒரு பக்கத்தில், எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, கட்டத்தைக் கறுப்பாக்கி, அதை எண்ணாக மாற்றிக் கொடுத்தால் நமக்கு வேண்டிய உருவம் திரையில் வரும் என்று இருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டரை வைத்தே பூவும் சிலுவையும் அடித்துக் காட்டுகிறவள் அவள். 'எக்ஸ்' எழுத்தாலேயே வேளாங்கண்ணிக் கோயிலை அடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அந்தப் புத்தகப் பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது.

கணக்கு நோட்டின் கட்டத்தாளில் ஒரு லாரி வரைந்தாள். எட்டுக் கட்டத்தில் லாரி என்ன லாரி, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போல் இருந்தது. இரண்டு கட்டத்தைச் சேர்த்து முகப்பு தனி, பாடி தனி என்று போட்டாள். இப்போது லாரியாகிவிட்டது. அதைத் திரையில் பார்த்த மத்தியானம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. அடுத்து லாரிக்கு ரோடு வேண்டும். ரோடு என்றால் அவளுக்கு ஒரே ஒரு ரோடுதான் தெரியும்.

தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற கணவாயை இப்போது வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். எந்த வளைவு இடப்பக்கம் திரும்புகிறது, எங்கே பள்ளம், எங்கே பாறை என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி, "ஏம்மா, ரோடு காண்ட்ராக்ட் எடுக்கப் போறியா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வளைவெல்லாம் எண்களாயின. திரையின் அடியில் ரோடு ஒவ்வொரு வரியாக முளைத்து மேலே ஏறும். லாரி மேலேயே நிற்கும். ஆனால் பார்க்கிற கண்ணுக்கு லாரி கீழே இறங்குவதுபோல் இருக்கும். இந்த ஏமாற்று வேலையைத் தானாகவே கண்டுபிடித்தபோது எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்தாள். ஆனால் லாரி நடுங்கியது. அழித்து எழுதும் ஒவ்வொரு தடவையும் மினுக் மினுக்கென்று வெட்டியது. அந்த மினுக்கை நிறுத்த ஒரு மாதம் மல்லுக்கட்டினாள். நடுவில் கரண்ட் போனால் அடித்தது அத்தனையும் காற்றோடு போகும். மின்வாரியத்துக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மறுபடி உட்கார்வாள். கேசட்டில் பதிந்து வைத்தால் தப்பிக்கலாம். ஆனால் பதியும்போது டேப் ரெக்கார்டர் கீச்சென்று கத்துவதைக் கேட்டு, பேய் ஓட்டுகிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாததற்கும் கம்ப்யூட்டருக்கும் சிலர் முடிச்சுப் போட்டார்கள். கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பதை யார் போய்ச் சொல்வது?

கியர் விஷயம் அவளுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு வந்த ஞானராஜிடம் கேட்டாள்.

"கியரு எத்தனங்க?"

"ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு. நடுவுல நியூட்ரலு. ரிவர்ஸ் வேணாமா?"

"கணவாயில ரிவர்ஸ் எதுக்கு? முனியப்பன் கோயில்ல வண்டி நிக்கணும், அதுக்கு நியூட்ரல் மட்டும் வச்சுக்கறேன்."

அப்படியே செய்தாள். ஒன்றிலிருந்து நான்குவரை எண் பட்டன்கள் கியர். பூஜ்யம் நியூட்ரல். 'ஓ' இடப்பக்கம், 'பி' வலப்பக்கம், ஸ்பேஸ் பிரேக். சரிவில் வண்டி தானாக வேகம் பிடிக்கும். அதனால் ஒன்றாம் கியரில் இதற்கு மேல் போகாதே, இரண்டில் இதற்கு மேல் போகாதே என்று கியருக்கு ஒரு வரி எழுதினாள். நியூட்ரலுக்கு எழுதவில்லை. நியூட்ரல் என்றால் வண்டி நிற்கும், நிற்கிற வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு எதற்கு என்று விட்டுவிட்டாள். வண்டி கவிழ்ந்தால் போகட்டும் என்று மூன்று உயிர் கொடுத்தாள். கடைசியில், எவ்வளவு சீக்கிரம் தொப்பூர் வந்து சேர்கிறதோ அவ்வளவு பாயிண்ட் என்று வைத்தாள். வேறு எப்படி வைப்பாள், ரோசம்மா அல்லவா?

விளையாட்டை எழுதி முடித்தபோது மாசி வெயில் ஏறிவிட்டது. சாப்பிட வந்த ஞானராஜையும் கிளீனர் கோவிந்தனையும் டிவிக்கு முன்னால் உட்கார வைத்து, எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தாள். கோவிந்தன் மீசை வைத்த ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவனே வாயைப் பிளந்துவிட்டான். "அண்ணி, இது நம்ம முனியப்பன் கோயிலுங்க! ஆலமரங்கூட இருக்குது!" ஞானராஜ் தட்டைத் தள்ளிவிட்டு, சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கோழி கொத்துவதுபோல் ஒற்றை விரலால் பட்டனைக் குத்த ஆரம்பித்தான். முதல் வளைவிலேயே பாறையில் மோதினான். இரண்டாவது தடவை பள்ளம். கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். ரோசம்மாவுக்கு உள்ளே ஒரே குஷி. பதினைந்து வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன், அவள் போட்ட ரோட்டில் திணறுகிறான்!

மூன்றாவது உயிரில் அவன் நிதானத்துக்கு வந்தான். முனியப்பன் கோயிலில் வண்டியை நிறுத்தினான். மூன்றாம் கியரில் கிளப்பினான். ஆலமரம் தாண்டியது. அவன் விரல் பூஜ்யத்துக்குப் போனது.

ரோசம்மா டிவியைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், அவள் கண் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த விரல் தேடவில்லை, தயங்கவில்லை. ஆலமரம் மறைந்த அதே நொடியில் தன் வீட்டுக்குப் போவதுபோல் போய்ப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. திரையில் வண்டி விர்ரென்று இறங்கியது. கட்டுப்படுத்த அவள்தான் ஒரு வரியும் எழுதவில்லையே! ஞானராஜ் இங்கே ஒரு பிரேக், அங்கே ஒரு பிரேக் என்று தட்டித் தட்டி, வழுக்கிக்கொண்டு தொப்பூருக்கு வந்து சேர்ந்தான். பாயிண்ட் எக்கச்சக்கமாக ஏறியது.

"பார்றா கோவிந்தா!" என்று தொடையைத் தட்டினான். "முனியப்பன் கியரு போட்டேன் பாரு! எப்பிடி வந்துச்சு!"

கோவிந்தன் சிரிப்பை நிறுத்தி அண்ணியின் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தான். "நான் வண்டிகிட்ட இருக்கறேன்ணா" என்று எழுந்து போய்விட்டான்.

இரண்டு வருஷமாக, லோடு தவறாமல், ரோசம்மா கேட்ட கேள்விக்கு வந்த பதில் இது. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் குழம்பு ஊற்றியிருக்கிறாள்.

"முனியப்பன் கியருன்னா நியூட்ரலா?"

ஞானராஜ் பட்டனிலிருந்து கையை எடுத்தான். "வெளையாட்டுல கை பட்டுருச்சு ரோசா."

"என்கிட்டயா? கை பட்டா எப்பிடி இருக்கும், பழகுன கை எப்பிடி இருக்கும்னு என்கிட்டயா சொல்றீங்க? மாதா முன்னாடி என்ன சொன்னீங்க?"

"நான் பொய்யா சொன்னேன்? ஒவ்வொரு வாட்டியும் முனியப்பன் கியருல வந்தேன்னு சொல்லிட்டுத்தான இருந்தேன்? நீ என்னான்னு கேட்டியா?"

அவன் விடவில்லை. குற்றம் செய்தவனின் கோபம் எப்போதும் ஒரு படி கூடத்தானே இருக்கும்.

"எல்லா வண்டியும் அப்பிடித்தான் எறங்குது. பெரியண்ணனுக்குப் பிரேக் சரியில்ல, போனான். எனக்குக் கைப்பழக்கம் இருக்குது. டீசல் மிச்சமாவுது, நேரம் மிச்சமாவுது. படியேறும்போதே 'இவ்ளோ நேரமா'ன்னு கேக்கறது யாரு? சீக்கிரம் வந்தா பாயிண்டுன்னு இதுல வச்சது யாரு? நானா வச்சேன்?"

அந்த வார்த்தை அவளைச் சரியான இடத்தில் குத்தியது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவள் இருப்புக்கொள்ளாமல் தவித்த தவிப்பைச் சொல்லி முடியாது. துணியை ஊற வைத்தாள், துவைக்க மறந்தாள். தெருவாசலில் நின்று ரோட்டைப் பார்த்தாள். கணவாயிலிருந்து இறங்கி வரும் லாரிகளை இத்தனை நாள் கண்ணால்தான் பார்த்திருந்தாள். இப்போது காதால் கேட்டாள். பஸ் இறங்கும்போது இன்ஜின் உறுமிக்கொண்டு இறங்கும். லாரிகளோ சத்தமே இல்லாமல், டயர் உரசும் சுர்ரென்ற சத்தத்தோடு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தன. இவ்வளவு நாளாக அதை நல்ல வண்டி, புது வண்டி என்று நினைத்திருந்தாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கண்ணம்மாள் ஓட்டலுக்குப் பக்கத்தில் பிரேக் வேலை பார்க்கும் மாதையனிடம் போய் நின்றாள். அவர் ஒரு சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நியூட்ரல்ல எறங்குனா பிரேக்குக்கு என்னங்க ஆவும்?"

"ஏனுங்க டீச்சரம்மா, வண்டி வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "கியருல இருந்தா இன்ஜினே வண்டியப் புடிச்சு இழுக்குமுங்க. நியூட்ரல்னா அத்தன லோடும் பிரேக் தலையில. மிதிக்க மிதிக்கச் சூடேறும். லைனிங் கருகுற வாசன வரும். அப்புறம் மிதிச்சா மிதி மட்டுந்தான், வண்டி நிக்காது."

"வாசன வந்தப்புறம் நிறுத்த முடியாதுங்களா?"

"எதால நிறுத்தறது?" என்றார் மாதையன்.

மறுநாள் இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு சொல்லிவிட்டு ரப்பர் பட்டன்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சூடு என்று ஒரு கணக்கை உள்ளே வைத்தாள். நியூட்ரலில் ஒவ்வொரு பிரேக்குக்கும் சூடு ஏறும். ஏறிக்கொண்டே போய், ஓர் அளவைத் தாண்டினால் ஸ்பேஸ் பட்டன் செத்துப்போகும். அமுக்கு அமுக்கென்று அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. திரையில் எச்சரிக்கை எதுவும் எழுதவில்லை. வாசனையைத் திரையில் எப்படி எழுதுவது? மூன்று உயிரை எடுத்தாள். சீக்கிரம் வந்தால் பாயிண்ட் என்ற வரிக்கு வந்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் அழித்தாள். கடைசியாக, வண்டி கவிழ்ந்தால் கம்ப்யூட்டர் தன் நினைவிலிருப்பதை எல்லாம் துடைத்துப் போடும்படி ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தாள். ரோடு, ஆலமரம், முனியப்பன், லாரி ஒன்றும் மிஞ்சாது. மறுபடி வேண்டுமானால், பதிந்து வைத்த கேசட்டை ஓட்டி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

அடுத்த லோடுக்கு ஞானராஜ் வந்தபோது சோற்றைப் போட்டாள். எப்படி இறங்கினீர்கள் என்று கேட்கவில்லை. அவனுக்கு அதுவே உறுத்தியிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு, சமாதானம் பேசுகிற குரலில், "எங்க, உன் வண்டியப் போடு, ஒரு ரவுண்டு எறக்கறேன்" என்றான்.

போட்டாள். ஆலமரம் தாண்டியது, விரல் பூஜ்யத்துக்குப் போனது. வண்டி வழுக்கியது. பிரேக், வளைவு, பிரேக், வளைவு. பாதிக் கணவாயில் ஸ்பேஸ் பட்டன் வேலை செய்யவில்லை. ஞானராஜ் குத்தினான், அமுக்கினான். வண்டி பள்ளத்தில் போனது. திரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

"என்னாச்சு? கரண்டு போயிருச்சா?"

"இல்ல. வண்டி போயிருச்சு."

"மறுபடியும் போடு."

கேசட்டை முதலிலிருந்து ஓட்டினாள். கீச்சென்று அது கத்தி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். இரண்டாம் தடவையும் அதே இடம், அதே வெள்ளைத் திரை. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூணு உசுரு இருந்துச்சே, எங்க?"

"எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்த?"

"உங்களுக்கு எத்தன இருக்குது?" என்று கேட்டாள் ரோசம்மா. கேட்டவுடன் அழுதுவிட்டாள். "சொல்லுங்க, எத்தன இருக்குது? எனக்கு இத மறுபடியும் ஏத்திக்கக் கேசட் இருக்குது. உங்கள நான் எதுல பதிஞ்சு வச்சிருக்கேன்?"

ஞானராஜ் வெறும் திரையைப் பார்த்தபடி எழுந்தான். "உன் வண்டி சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரம் அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சொல்லிப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று. இனி என்ன செய்வது? காலால் தரையைத் தட்டிக்கொண்டு, விரலால் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு நாளை ஓட்டினாள். 'தேவதாயே' என்று தொடங்கி விரல் பாதி ஜெபத்திலேயே நிற்கும். அதற்கு மேல் என்ன டைப் அடிப்பது என்று தெரியாது.

நடுவில் ஒரு லோடுக்கு ஞானராஜ் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த லோடு வருகிற நாள் வந்தது. மத்தியானம் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கண்ணம்மாள் ஓட்டல் பக்கம் வந்து நின்றாள். வீட்டில் நிற்க முடியவில்லை. அப்போது இறங்கி வந்த ஒரு லாரி டிரைவர் டீக்குச் சொல்லிவிட்டு, அவளை அடையாளம் கண்டுகொண்டார். "ஞானராஜ் வூட்டம்மாதான? மேல முனியப்பன் கோயில்ல நிக்கிறாரு. தேங்கா ஒடச்சுக்கிட்டு இருந்தாரு. எம்பின்னாலயே வந்துருவாரு."

அப்படியானால் ஒரு டீ குடிக்கும் நேரம். அவ்வளவுதான். கண்ணம்மாள் அவளுக்கும் ஒரு டீ கொடுத்தாள். ரோசம்மா குடித்து முடித்தாள். ஒரு லாரி இறங்கியது; அவன் இல்லை. இன்னொன்று, அவன் இல்லை. டீ சொன்ன டிரைவர் கிளம்பிப் போய்விட்டார். ஒரு வேன் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

எதுவுமே வரவில்லை. நாள் முழுக்க ஓயாமல் வண்டி இறங்குகிற ரோடு, கழுவிவிட்டதுபோல் வெறிச்சென்று கிடந்தது. சேலத்திலிருந்து மேலே ஏறுகிற வண்டிகள் மட்டும் போயின. கண்ணம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கணவாயைப் பார்த்தாள். தொப்பூரில் இருக்கிறவர்களுக்கு, ரோடு அப்படி வெறிச்சோடினால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மேலே எங்கேயோ ஏதோ குறுக்கே கிடக்கிறது.

"ஒன்னும் இருக்காது ரோசா, உக்காரு" என்றாள் கண்ணம்மாள். அவள் குரலிலேயே தெம்பு இல்லை.

ரோசம்மா உட்காரவில்லை. கணவாயைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். முதலில் நடை, பிறகு ஓட்டம். ஒரு செருப்பு அறுந்தது, இரண்டையும் உதறிவிட்டாள். வெயிலில் தார் இளகியிருந்தது. 'இவ்ளோ நேரமா'ன்னு இனிமே கேக்க மாட்டேன், தாயே, இனிமே ஒருநாளும் கேக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். முதல் வளைவில் மூச்சு வாங்கி நின்றாள். மேலே ஒன்றும் தெரியவில்லை. பாறைதான் தெரிந்தது.

அப்போதுதான் கேட்டது. முதலில் வண்டுபோல், பிறகு உறுமலாக, ஒரு இன்ஜின் அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு வந்தது. பஸ் சத்தம் இல்லை. பஸ் இவ்வளவு கத்தாது. லோடு ஏற்றின லாரி, கியரில் இறங்குகிற சத்தம். அந்தக் கணவாயில் அவள் அதுவரை கேட்டேயிராத சத்தம். அதோடு கலந்து ஏகப்பட்ட ஹாரன் சத்தமும் வந்தது.

வளைவில் ஞானராஜின் லாரி முகம் காட்டியது. ஆமைபோல் ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் லாரி, லாரி, பஸ், கார், மறுபடி லாரி என்று கண்ணுக்கெட்டியவரை வரிசை. முந்த வழியில்லாமல் எல்லாரும் ஹாரனை அலறவிட்டபடி ஞானராஜின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வந்தார்கள். கோவிந்தன் இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி, "பொறுங்கய்யா, பொறுங்க!" என்று பின்னால் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஞானராஜ் அவளைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். தேங்கியிருந்த வண்டிகள் எல்லாம் சீறிக்கொண்டு தாண்டிப் போயின, போகிறபோக்கில் ஒருவன், "தூங்கிட்டியாடா?" என்று கத்திவிட்டுப் போனான். ஞானராஜ் இறங்கி வந்தான். முகமெல்லாம் வியர்வை.

"செருப்பு எங்க புள்ள?"

ரோசம்மா இரண்டு கையாலும் அவன் மார்பில் குத்தினாள். பிறகு அந்தச் சட்டையையே பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கோவிந்தன் டயரைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டான்.

"ஏங்க இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டாள். கேட்க மாட்டேன் என்று மாதாவிடம் சொன்னதெல்லாம் அங்கேயே போயிற்று.

"ரெண்டாவது கியரு ரோசா. அப்பிடித்தான் ஆவும்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அன்னிக்கு உன் வண்டியில போனனே, அப்புறம் ஆலமரத்தத் தாண்டுனா அந்த வெள்ளத் தெரதான் கண்ணு முன்னாடி வருது. போன லோடு எப்பிடி எறங்குனேன்னு எனக்கே தெரியல. அதான் தேங்கா ஒடச்சு, அவரு கியர அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

அவள் சட்டையை விடவில்லை. வண்டியின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த லோடு எப்ப?"

"நாளன்னிக்கு."

"நாளன்னிக்கும் இவ்ளோ நேரம் ஆவுமா?"

"இனிமே எப்பவும் இவ்ளோ நேரந்தான். நீ இருந்துருவியா?"

அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சூட்டுத் தாரில் நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"ஆவட்டும்" என்றாள் ரோசம்மா.